மேம்பாலத்துச் சத்தமும் நூறு ஆக்டேன் பெட்ரோலும்

நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை, பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நீண்ட கடிதம். அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

2018-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். டர்போ, அதாவது காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளும் கருவி, கிடையாது. 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன கோடையிலிருந்து, ஏசி போட்டுக்கொண்டு கத்திப்பாரா மேம்பாலம் ஏறினால் இஞ்சின் பக்கமிருந்து ‘கிணுகிணு’ என்று உலோகச் சத்தம் கேட்கிறது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 15-தான் கொடுக்கிறது. தெருமுனை மெக்கானிக், “இப்போது வருகிற பெட்ரோலில் சத்து இல்லை, நூறு ஆக்டேன் போடுங்கள்” என்று சொல்லி, கூடவே ஒரு ‘ஆக்டேன் பூஸ்டர்’ பாட்டிலையும் விற்றிருக்கிறார். அன்றிலிருந்து ஒரு முறை சாதாரண பெட்ரோல், மறுமுறை நூறு ஆக்டேன் என்று மாற்றி மாற்றி நிரப்புகிறார். நூறு ஆக்டேன் போட்டால் சத்தம் குறைந்தது போலத் தோன்றுகிறதாம். சாதாரண பெட்ரோல் லிட்டர் சுமார் 101 ரூபாய், பிரீமியம் அதைவிட 8 ரூபாய் கூடுதல், நூறு ஆக்டேன் 60 ரூபாய் கூடுதல் என்று கணக்கும் எழுதியிருக்கிறார்.

நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன், “இங்கே நான் 93 போடுகிறேன். நீங்கள் வெறும் 91 போட்டால் இஞ்சின் என்னாகும்?” என்று பயமுறுத்துகிறார். கணவர் புதிதாக ஒரு டர்போ கார் பார்த்திருக்கிறார். பிரீமியம் பெட்ரோல் போடாவிட்டால் வாரண்டி போய்விடும் என்று ஷோரூமில் சொன்னார்களாம். மே மாதம் கொடைக்கானல் பயணம் வேறு இருக்கிறது. எந்த பெட்ரோல் போடுவது என்பதுதான் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் காருக்கு சாதாரண பெட்ரோல் போதும். ஆனால் அந்தச் சத்தத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் உங்கள் பணம் பெட்ரோல் பங்கில் கரைகிறது.

ஆக்டேன் எண் எதைச் சொல்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை பிஸ்டன் அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக் பொறி வைக்கிறது. தீ அங்கிருந்து சீராகப் பரவ வேண்டும். சில சமயம், தீ வந்து சேர்வதற்கு முன்பே ஓரத்தில் இருக்கும் கலவை, அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகப் பற்றிக்கொள்கிறது. அப்போது எழும் அழுத்த அலை பிஸ்டனிலும் சிலிண்டர் சுவரிலும் மோதுகிறது. மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். தானாகப் பற்றாமல் ஒரு பெட்ரோல் எவ்வளவு தூரம் பொறுத்திருக்கும் என்பதன் அளவுதான் ஆக்டேன் எண். நார்மல் ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0, ஐசோ ஆக்டேனுக்கு 100 என்று வைத்துக்கொண்டு, ஒற்றைச் சிலிண்டர் சோதனை இஞ்சின் ஒன்றில் ஓட்டிப் பார்த்து ஒப்பிடுகிறார்கள். பெட்ரோலில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பது இந்த எண்ணில் வரவே வராது.

உங்கள் வண்டியைப் போல டர்போ இல்லாத நம் ஊர் சிறிய கார்களின் கையேட்டில் பெரும்பாலும் ‘91 அல்லது அதற்கு மேல்’ என்றுதான் போட்டிருக்கும். உங்கள் கையேட்டை எடுத்து ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். 91 என்றால் அது கீழ் எல்லை. அதை எட்டிவிட்டால் அந்த இஞ்சினுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆறடி ஆள் நுழைய ஏழடி வாசல் போதும். பத்தடி வாசல் வைத்தாலும் அவர் வேகமாக நடந்துவிடப் போவதில்லை.

அண்ணன் சொல்லும் 93 வேறு கணக்கு. நம் நாட்டில் சொல்வது ஆராய்ச்சி முறை எண். சோதனை இஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும்போது எடுப்பது. 900 சுற்றில், இன்னும் கடுமையான சூட்டில் எடுக்கும் மோட்டார் முறை எண் ஒன்றும் உண்டு. அது எப்போதும் குறைவாகவே வரும். அமெரிக்கப் பங்குகளில் இந்த இரண்டின் சராசரியை எழுதி வைக்கிறார்கள். அங்கே 87 என்று இருப்பது ஏறக்குறைய நம்முடைய 91, 92. அண்ணன் போடும் 93 நம் கணக்கில் 97, 98 வரும். அவர் வீட்டுப் பக்கத்தில் பெரும்பாலோர் போடுவது அந்த 87-தான். அதாவது நம் ஊர்க் கையேடுகள் கேட்கும் அளவுதான். அவருடைய கார் வேறாக இருக்கலாம், அதற்கு அது தேவைப்படலாம். உங்கள் காருக்கு அதில் வேலை இல்லை.

மெக்கானிக் சொன்ன ‘சத்து இல்லை’

இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியும் அவர் நினைத்த பக்கம் இல்லை.

இப்போது நாடு முழுவதும் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, இ20 என்கிறோம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். எனவே எத்தனாலே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20-இல் ஆற்றல் ஆறு, ஏழு சதவீதம் குறைவு. சத்து குறைந்தது என்று இதைச் சொன்னால் சரி. ஆனால் எத்தனால் தானாகப் பற்றிக்கொள்வதை நன்றாகத் தாங்கக்கூடியது. அதைச் சேர்த்ததால் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் ஏறியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் தந்த விளக்கத்திலேயே, இ20 ஆன பிறகு சாதாரண பெட்ரோல் 95-ஐ எட்டுகிறது என்று இருக்கிறது.

ஆகவே, உங்கள் மைலேஜ் குறைந்ததற்கு ஆக்டேன் காரணம் அல்ல. வண்டி வாங்கிய காலத்திலும் பெட்ரோலில் கொஞ்சம் எத்தனால் இருந்தது. அதனால் 16-லிருந்து 15-க்கு இறங்கியதை முழுவதும் இ20 கணக்கில் எழுத முடியாது. ஒரு பகுதியை எழுதலாம். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து இ10-க்குச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று சொன்னது. மீதிக்கு டயர் காற்று, ஏர் ஃபில்டர், பழைய பிளக், வேளச்சேரி சாலையில் நின்று நின்று போவது என்று ஆயிரம் காரணம் உண்டு.

பிரீமியம் போட்டால் மைலேஜ் திரும்புமா? 95 ஆக்டேன் பிரீமியத்திலும் எத்தனால் கலந்தே வருகிறது. ஆற்றல் அதேதான். நூறு ஆக்டேன் வகைகளில் எத்தனால் கலக்காதவை உண்டு. அவற்றில் அந்த ஆறு சதவீதம் திரும்பக் கிடைக்கலாம். ஆனால் ஆறு சதவீதத்தைப் பிடிக்க அறுபது சதவீதம் கூடுதல் விலை கொடுக்கிறீர்கள். நீங்கள் எழுதியபடி மாதம் 900 கிலோமீட்டர் ஓட்டினால் 60 லிட்டர் செலவாகும். அதில் பாதி நூறு ஆக்டேன் என்றால் மாதம் 1,800 ரூபாய், ஆண்டுக்கு 21,600 ரூபாய் கூடுதல். வண்டியின் காப்பீட்டுத் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எத்தனாலே வேண்டாம் என்று கேட்க உரிமை இல்லையா என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இ0 பெட்ரோலையும் விற்கச் சொல்ல வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. உங்கள் வண்டி 2023 ஏப்ரலுக்கு முந்தியது. அதற்குப் பிறகு வந்தவைதான் இ20-ஐத் தாங்கும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களோடு வருகின்றன. எனவே அடுத்த சர்வீஸில் பெட்ரோல் குழாய்கள், சீல்கள், பம்ப் ஆகியவற்றில் கசிவோ உப்பலோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நூறு ஆக்டேனுக்குப் போகும் பணத்தில் ஒரு மாதத்துடையதே இதற்குப் போதும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். 91 போதும் என்று செய்த இஞ்சின். இப்போது அதற்குக் கிடைப்பது 95-ஐ ஒட்டிய பெட்ரோல். அப்படியும் நாக்கிங் வருகிறது என்றால் பெட்ரோல் கீழே இறங்கவில்லை. இஞ்சினின் தேவை மேலே ஏறியிருக்கிறது. ஏன் ஏறியது என்று கண்டுபிடிக்காமல் ஆக்டேனை ஏற்றிக்கொண்டே போவது, கோளாறின் வாயை மூடுவதாகும். கோளாறு உள்ளேயே இருக்கும்.

முதலில் அது நாக்கிங்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சைலன்சர் குழாய்க்கு மேல் இருக்கும் மெல்லிய தகடு தளர்ந்தாலும் இதே போலச் சத்தம் வரும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து மெல்ல ஆக்சிலரேட்டரை ஏற்றிப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் சத்தம் வந்தால் தகடாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கிளிப்போடு முடிந்துவிடும். நாக்கிங் அப்படி வராது. இஞ்சின் சூடேறி, பாரம் இழுத்து, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டுமே கேட்கும். நூறு ஆக்டேனில் குறைந்தது போலத் தோன்றியது என்பதும், மேம்பாலம், ஏசி என்று நீங்கள் சொல்லும் அடையாளங்களும் நாக்கிங் பக்கமே சாய்கின்றன. உங்கள் பணம் முற்றிலும் வீணாகவில்லை. ஒரு சோதனைக்குப் பயன்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காசு செலவில்லாத சோதனை. கத்திப்பாராவில் ஏறும்போது எந்த கியரில் இருக்கிறீர்கள்? நான்காவது கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில், ஏசியோடு, ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால் எந்த இஞ்சினும் முனகும். கிளட்ச் மிதிக்கச் சோம்பல்பட்டு மேல் கியரிலேயே இழுப்பது சென்னையில் பாதிப் பேரின் பழக்கம். அதே இடத்தில் மூன்றாவது கியரில், தேவையானால் இரண்டாவதில் ஏறிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் கடிதத்தின் பெரும்பகுதிக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

அப்படியும் நிற்கவில்லை என்றால் சூட்டைப் பார்க்க வேண்டும். ரேடியேட்டரில் என்ன ஊற்றுகிறீர்கள்? கூலண்ட் குறைந்தபோதெல்லாம் மெக்கானிக் கடைக் குடத்திலிருந்து போர்த் தண்ணீரை ஊற்றுவது இங்கே சர்வசாதாரணம். நங்கநல்லூர், மடிப்பாக்கம் பக்கத்துப் போர்த் தண்ணீரின் உப்பு உங்கள் வீட்டு ஹீட்டரிலேயே தெரிந்திருக்கும். அதே உப்பு இஞ்சினின் நீர்ப்பாதையில் படிந்தால் சூடு வெளியேறாது. ஓரளவு சூடு கூடினாலே கலவை தானாகப் பற்றும் வாய்ப்பும் கூடும். போன கோடையில் சத்தம் தொடங்கியது என்று எழுதியிருப்பதால் இதில் எனக்குச் சந்தேகம் அதிகம். கூலண்டை முழுவதும் மாற்றி, தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் விசிறியும் வேலை செய்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கரிப் படிவு இன்னொன்று. வீட்டிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து வீட்டுக்கு என்று சின்னச் சின்ன ஓட்டம் மட்டுமே ஓடும் இஞ்சினில் பிஸ்டன் தலையிலும் வால்வுகளிலும் கரி ஏறும். கரி இடத்தை அடைத்துக்கொள்வதால் அழுத்தம் கூடும், சூட்டையும் பிடித்து வைக்கும். இதற்கு மட்டும் பிரீமியம் பெட்ரோலை நான் பரிந்துரைக்கலாம், அதுவும் அதிலுள்ள சுத்தம் செய்யும் மருந்துக்காக, ஆக்டேனுக்காக அல்ல. மூன்று, நான்கு டேங்க் தொடர்ந்து போட்டு, இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை நல்ல வேகத்தில் ஓட்டி வாருங்கள். பிறகு சாதாரணத்துக்கே திரும்பிவிடலாம். பிளக்கும் கம்பெனி சொன்ன எண் கொண்டதாக இருக்க வேண்டும். வெப்ப அளவு தவறிய பிளக் தானே ஒரு தீக்குச்சியாகிவிடும்.

கடைசியாக, இஞ்சின் கணினியின் பதிவுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் உள்ள பட்டறையில் காட்டுங்கள். நாக் சென்சார் என்று ஒரு கருவி இருக்கிறது. நாக்கிங்கை உணர்ந்தவுடன் இஞ்சின் கணினி பொறி வைக்கும் நேரத்தைத் தள்ளிப்போட்டு இஞ்சினைக் காப்பாற்றும். அந்த சென்சார் பழுதானால் காப்பாற்ற ஆள் இல்லை. கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று கூடியிருந்தால் அதுவும் ஸ்கேனரில் தெரியும். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் இ20-க்குக் கணினி கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்க வேண்டும். இன்ஜெக்டர் அடைத்திருந்தால் அது முடியாமல் போகும்.

அந்த பூஸ்டர் பாட்டிலை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். அட்டையில் ‘5 பாயின்ட் உயரும்’ என்று இருந்தால் பல பாட்டில்களில் அதன் பொருள் அரை எண்தான். சிலவற்றில் இருக்கும் மாங்கனீசு, இரும்புச் சேர்மங்கள் பிளக்கிலும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரிலும் படியும். அந்தக் கன்வர்ட்டரைக் காக்கத்தான் 1995-இல் சென்னை உட்பட நான்கு மாநகரங்களுக்கு ஈயமில்லாத பெட்ரோல் கொண்டுவரப்பட்டது.

புதிய டர்போ காரும் வாரண்டியும்

டர்போ இஞ்சின் கதை வேறு என்பது உண்மை. காற்றை முன்கூட்டியே அழுத்தி உள்ளே தள்ளுவதால் நாக்கிங் அபாயம் கூடும். ஆனாலும் விற்பனையாளர் வாயால் சொன்னது கணக்கில் வராது. பெட்ரோல் மூடியின் உட்புறத்தையும் கையேட்டையும் பாருங்கள். ‘குறைந்தது 91’ என்றிருந்தால் சாதாரண பெட்ரோலே போதும். கோடையில் நான்கு பேரோடு நீண்ட பயணம் என்றால் 95 பிரீமியம் சற்று நல்ல இழுவை தரக்கூடும், அது விருப்பம். ‘குறைந்தது 95’ என்றிருந்தால் பேரம் பேசாமல், 95 என்று எழுதி விற்பதையே போடுங்கள். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் அப்படித்தான் இருக்கும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் வகை என்றால் பிரீமியத்தின் மருந்து உள்வால்வைக் கழுவாது. பெட்ரோல் அந்த வழியே போவதே இல்லை. அத்தகைய டர்போ இஞ்சினில் குறைந்த வேகத்தில் பொறிக்கு முன்பே தீப்பற்றும் கோளாறு ஒன்று உண்டு. அதற்கு ஆக்டேனைவிட ஆயில் முக்கியம். கையேடு சொல்லும் தரத்தில், ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரக் குறியீடு இருந்தால் அதையே ஊற்றுங்கள்.

வாரண்டி விஷயத்தில் ஷோரூமில் சொன்னதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருகிறார்களா என்பதிலேயே பாதி விடை தெரிந்துவிடும். பின்னாளில் ‘பெட்ரோல் சரியில்லை’ என்று வாரண்டியை மறுத்தால், எந்தச் சோதனையின் அடிப்படையில் சொல்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெட்ரோல் பில்களைப் படமெடுத்து வைத்திருங்கள். பேச்சு எடுபடவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வழக்காடும் நுணுக்கங்களை வழக்கறிஞரிடம் கேளுங்கள், நான் பொறியாளன்.

பங்கில்

கேட்காமல் பிரீமியம் ஊற்றுகிறார்கள் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். வண்டியை நிறுத்தியதும் ‘சாதாரண பெட்ரோல்’ என்று சொல்லி, மீட்டரில் லிட்டர் விலையைப் பார்த்த பிறகு மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். வடிதாள் (ஃபில்டர் பேப்பர்) சோதனை, அடர்த்திச் சோதனை, ஐந்து லிட்டர் அளவுச் சோதனை மூன்றையும் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. 15 டிகிரிக்கு மாற்றிக் கணக்கிட்ட அடர்த்தி, பங்கின் பதிவேட்டில் இருப்பதிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகக் கூடாது. ஆனால் இவற்றில் எதுவும் ஆக்டேனைக் காட்டாது. அதற்குச் சோதனை இஞ்சின் உள்ள ஆய்வகம் வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை: தண்ணீர் தேங்கி நின்ற பங்கில் உடனே நிரப்பாதீர்கள். நிலத்தடித் தொட்டிக்குள் நீர் இறங்கினால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் பிரிந்துவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேனும் இறங்கிவிடும்.

கொடைக்கானல்

மலை ஏற நூறு ஆக்டேன் வேண்டும் என்பது பலரும் நினைப்பது. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத இஞ்சினுக்குள் போகும் காற்றும் குறைகிறது, சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைகிறது. 2,100 மீட்டரில் உங்கள் காரின் ஆக்டேன் தேவை சென்னையில் இருப்பதைவிடக் குறைவு. சிரமம் அடிவாரத்தில்தான், மே மாத வெயிலில் முதல் சில வளைவுகளில். அங்கே இரண்டாவது கியரில் ஏறுங்கள், செங்குத்தான இடங்களில் ஏசியை அணைத்துவிடுங்கள். கூலண்ட் வேலையைப் புறப்படும் முன் முடித்துவிடுங்கள். வத்தலக்குண்டில் டேங்கை நிரப்பிக்கொள்ளலாம், சாதாரண பெட்ரோலே போதும். மூன்றாவது கியர் சோதனையின் முடிவையும் ஸ்கேனர் தாளையும் அனுப்பினால் மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.